உதறும் கியர் லிவரும் விழ மறுக்கும் கியரும்

மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் இரண்டு புகார்களை ஒரே மூச்சில் சொல்வார்கள்: "லிவர் உதறுது, கியரும் விழ மாட்டேங்குது." கேட்கும் மெக்கானிக் அவசரக்காரராக இருந்தால் கியர் பாக்ஸை இறக்கிவிடலாம் என்பார். அந்தப் பேச்சுக்கு நீங்கள் தலையாட்டுவதற்கு முன் இந்த அத்தியாயத்தைப் படித்துவிட வேண்டும். இந்த இரண்டு கோளாறுகளும் பெரும்பாலும் வெவ்வேறு இடத்தில் பிறக்கின்றன. உதறலுக்குக் காரணம் தேய்ந்த நைலானும் கிழிந்த ரப்பரும். கியர் விழாததற்குக் காரணம் பெரும்பாலும் கிளட்ச் ஆயில் போகும் பாதை. இரண்டையும் கியர் பாக்ஸைக் கழற்றாமலே வீட்டு வாசலில் சரிசெய்ய முடியும்.

இங்கே சொல்லப்படுவது 1989 முதல் 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறைக் கார்களுக்கு. வட அமெரிக்காவில் மியாட்டா என்றும், முதல் தலைமுறை ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்கப்பட்டது இதே கார்தான். லிவர் பகுதிக்கான அளவுகள் 5 கியர் பாக்ஸுக்கு மட்டுமே பொருந்தும். 6 கியர் பாக்ஸின் லிவர் அமைப்பு வேறு. ஆனால் கிளட்ச் பற்றிய பகுதி அதற்கும் உதவும்.

ஸ்பானர் எடுக்கும் முன்: கால் மணி நேரப் பரிசோதனை

சமதளத்தில் காரை நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். காரேஜ் என்றால் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் என்ஜினை ஓட்ட வேண்டும்.

1. என்ஜினை அணைத்த நிலையில் கிளட்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். நின்றிருக்கும்போது பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி ஒரு கியர் தடுக்கலாம். கிளட்சை விட்டு மறுபடி மிதித்தால் விழுந்துவிடும். அப்படியும் ஒரே கியர் திரும்பத் திரும்ப முரண்டு பிடித்தால் லிவர் புஷ் அல்லது கியர் பாக்ஸின் உட்பகுதி சந்தேகத்துக்குரியது.

2. பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு என்ஜினை ஓட்டி, கிளட்சை முழுதாக மிதித்து, மூன்று நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அணைத்திருந்தபோது வழுக்கி விழுந்த கியர் இப்போது கரகரவென்று அரைத்தாலோ விழவே மறுத்தாலோ, கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. எம்எக்ஸ்-5இல் இதுதான் மிக அதிகம் காணும் கோளாறு.

3. கிளட்ச் பெடலை வேகமாக மூன்று நான்கு முறை மிதித்துவிட்டு மறுபடி போடுங்கள். இப்போது கியர் விழுந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது சிலிண்டர் ஆயிலைப் பிடித்து நிற்கவில்லை. நேரே "ஸ்லேவ் சிலிண்டர்" பகுதிக்குப் போங்கள்.

4. நியூட்ரலில் என்ஜினை 3,000 – 4,000 சுற்றுக்கு மெல்ல ஏற்றுங்கள். லிவர் கீச்சென்றோ கிணுகிணுவென்றோ சத்தமிட்டால், விரல் நுனியால் அதை லேசாக ஒரு பக்கம் அழுத்துங்கள். சத்தம் அடங்கினால் லிவரின் அடியிலுள்ள புஷ் தேய்ந்துவிட்டது. அழுத்தியும் கை அதிர்ந்துகொண்டே இருந்தால் என்ஜின் மவுண்ட்டைப் பார்க்க வேண்டும்.

5. சாலையில் ஒரே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பாருங்கள். சுற்று மாறியும் அதிர்வு மாறாமல் அப்படியே இருந்தால், அது வேகத்தோடு வரும் அதிர்வு. சக்கர பேலன்ஸும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இணைப்புகளும் அதற்குப் பொறுப்பு. லிவரைக் கழற்றி ஒரு பயனும் இல்லை.

குறிப்பு: குளிர்ந்த காலையில் மட்டும் இரண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடித்து, சில கிலோமீட்டர் ஓடியதும் சரியானால் கவலைப்பட வேண்டாம். இந்த கியர் பாக்ஸின் பிறவிக் குணம் அது. ஆயில் மாற்றினாலே பெருமளவு குறையும்.

முதலில் பெடலுக்கு அடியில் பாருங்கள்

ஒரு பைசா செலவில்லாத வேலை இது. அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். கடையில் வாங்கிய தடித்த மிதியடி கிளட்ச் பெடலுக்கு அடியில் சுருண்டு கிடந்தால் பெடல் கடைசிவரை இறங்காது. கடைசி ஒரு சென்டிமீட்டரை இழந்தாலே ரிவர்ஸும் ஒன்றாம் கியரும் அரைக்கும். மிதியடியை எடுத்துவிட்டு இரண்டாம் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள்.

அடுத்து, பெடலை விரலால் அழுத்துங்கள். மேலே மிகச் சிறிய தளர்வு இருக்க வேண்டும், அதற்குப் பின்தான் எதிர்ப்பு தெரிய வேண்டும். தளர்வு அதிகமாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பியில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, கம்பியைத் திருகிக் குறைக்கலாம். தளர்வே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயில் திரும்பும் சிறு துளை அடைபட்டு, கிளட்ச் எப்போதும் பாதி மிதித்த நிலையிலேயே நிற்கும்; தட்டு வழுக்கிக் கருகும்.

ஸ்லேவ் சிலிண்டர்: பெரும்பாலான கதை இங்கேதான் முடியும்

கிளட்சை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. கியர் பாக்ஸின் வலப்பக்கம் வெளியே பொருத்தியிருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தால் கிளட்ச் ஃபோர்க்கை நகர்த்துகிறது. நமக்குத் தேவையான தத்துவம் இவ்வளவுதான். ஸ்லேவின் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால் ஆயில் கசியும், காற்று புகும், ஃபோர்க் நகரும் தூரம் குறையும். கியர் விழாது.

உறுதிசெய்வது எளிது. சிலிண்டர் முனையில் இருக்கும் சிறிய ரப்பர் உறையின் உதட்டை விரலால் பின்னுக்கு இழுங்கள். உள்ளே உலர்ந்த தூசி இருந்தால் நல்லது. கறுத்த, பிசுபிசுப்பான ஈரம் விரலில் ஒட்டினால் சீல் போய்விட்டது. ஆயில் டப்பாவில் அளவு அதிகம் குறையாமல் இருந்தாலும் இந்த ஈரத்தையே நம்புங்கள். உறைக்குள் தேங்கிய ஆயில் தரையில் சொட்ட வெகுநாள் ஆகலாம்.

பாதுகாப்பு: ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒரு கையைக்கூட நீட்டாதீர்கள். முன்புறக் குறுக்குச் சட்டத்தில் ஜாக் வைத்துத் தூக்கி, பக்கவாட்டுத் தாங்குமிடங்களில் ஸ்டாண்ட் நிறுத்தி, காரை நன்றாக உலுக்கிப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். சைலன்சர் குழாய் ஆறியிருக்க வேண்டும். கிளட்ச் ஆயில் பெயிண்ட்டைத் தின்னும், கண்ணில் பட்டால் எரிக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள்.

வேலை வரிசை:

1. ஆயில் டப்பாவின் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறங்கள். உள்ளே இருப்பது கறுப்பாகவோ சேறாகவோ இருந்தால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலை ஊற்றுங்கள். பல மாதங்களாகத் திறந்து கிடந்த பாட்டில் வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்திருக்கும்.

2. குழாய் இணைப்பு நட்டை அதற்கென்றே உள்ள பிளேர் நட் ஸ்பானரால் தளர்த்துங்கள். சாதாரண ஸ்பானர் நட்டின் முனைகளை மழித்துவிடும். துரு பிடித்திருந்தால் முதல் நாளே துருநீக்கி அடித்து ஊறவிடுங்கள்.

3. சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி அதை வெளியே எடுங்கள். இந்த நேரத்தில் யாரும் கிளட்ச் பெடலைத் தொடக்கூடாது.

4. புது சிலிண்டரின் தள்ளுகம்பி முனையில் மிளகளவு கிரீஸ் தடவி, ஃபோர்க்கின் குழியில் சரியாக உட்காரவைத்துப் பொருத்துங்கள். ரப்பர் குழாயும் பழையதென்றால் சேர்த்தே மாற்றிவிடுங்கள். உள்ளுக்குள் வீங்கிய குழாய் ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் தடுக்கும்.

5. போல்ட்டுகளை முதலில் கையால் மரையில் ஏற்றி, பிறகு ஸ்பானரால் இறுக்குங்கள். கியர் பாக்ஸின் உடல் அலுமினியம். கோணலாக ஏறிய போல்ட்டை ஸ்பானரால் முறுக்கினால் மரை போய்விடும், அரை மணி வேலை இரண்டு நாள் வேலையாகும்.

காற்று எடுப்பதற்கு ஒரு துணையாள் வேண்டும். சிலிண்டரின் காற்றுத் திருகில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். துணையாள் பெடலை மெதுவாக மிதித்து "பிடிச்சிருக்கேன்" என்று சொன்ன பிறகு திருகைக் கால் சுற்று திறங்கள், குமிழி வரும். மூடுங்கள். "விடு" என்ற பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். திருகு திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால் வெளியேறிய காற்று அத்தனையும் திரும்ப உள்ளே போகும். நான்கைந்து மிதிக்கு ஒருமுறை மேலே டப்பாவை நிரப்புங்கள். அது வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குமிழி நின்றும் பெடல் பஞ்சுபோல் இருந்தால், சிலிண்டரைக் கழற்றி, காற்றுத் திருகு மேலே இருக்கும்படி பிடித்து, தள்ளுகம்பியைக் கையால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். மூலையில் ஒளிந்த காற்று குழாய் வழியாக மேலே ஏறி டப்பாவில் குமிழியாக வெளிவரும். பிடிவாதக் கார்களில் இது அநேகமாக எப்போதும் பலிக்கிறது.

ஸ்லேவ் போன காரில் மாஸ்டரும் அதே வயதுதான். புது ஸ்லேவின் நல்ல அழுத்தம் பழைய மாஸ்டரின் சீலைச் சீக்கிரமே தோற்கடிப்பதைப் பார்க்கிறோம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றுவதே என் பரிந்துரை. குறைந்தபட்சம், பெடலுக்கு மேலே, தள்ளுகம்பி சுவருக்குள் நுழையும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமிருந்தால் மாஸ்டர் காத்திருக்காது.

லிவரின் அடியில்: உதறலின் வீடு

இந்த கார்களில் லிவர் நேராக கியர் பாக்ஸின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இடையில் கேபிளோ நீண்ட கம்பியோ இல்லை. கியர் மாற்றும் சுகத்துக்கு இந்தக் காரைப் புகழ்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இந்த நேரடித் தொடர்புதான். புஷ் தேய்ந்ததும் அதிர்வு வடிகட்டாமல் கைக்கு வருவதற்கும் அதுவேதான் காரணம்.

வாங்க வேண்டியவை: உட்புறச் சிறு பூட், வெளிப்புறப் பெரிய பூட், லிவர் அடி நைலான் புஷ், கேஸ்கெட். இவை அடங்கிய செட்டாகவே கிடைக்கும். 75டபிள்யூ-90 கியர் ஆயில் சிறிது, நீண்ட குழாய் மாட்டிய ஊசியில்லாத சிரிஞ்ச், 10 – 12 மி.மீ. சாக்கெட்டுகள், நூல் உதிராத துணி ஆகியவையும் வேண்டும்.

1. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். குமிழைத் திருகிக் கழற்றுங்கள். இறுகியிருந்தால் துணி சுற்றிக் கையாலேயே திருப்புங்கள். இடுக்கி அதன் தோலைக் கிழிக்கும்.

2. நடுக் கன்சோலின் திருகுகளை எல்லாம் எடுத்து, பின்பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள். கண்ணாடி ஏற்றும் ஸ்விட்சின் ஒயர் அடியில் மாட்டியிருக்கும். சாக்கெட்டின் பூட்டை அழுத்திக் கழற்றிவிட்டே முழுதாக எடுக்க வேண்டும்.

3. பெரிய பூட்டைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளை எடுங்கள். அதன் கீழே சிறு பூட் இருக்கும். இந்த நிலையில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. சுற்றியுள்ள மண்ணையும் குப்பையையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். அடுத்த அடியில் கியர் பாக்ஸின் வாய் திறக்கப் போகிறது. ஒரு மணல் துகள்கூட உள்ளே விழக்கூடாது.

5. சிறு பூட்டின் மூன்று போல்ட்டுகளையும் எடுத்து, லிவரை மெல்ல மேலே தூக்குங்கள். எந்த வளையம் எதன் மேல் இருந்தது, லிவர் எந்தப் பக்கம் பார்த்தது என்று மறுபடி புகைப்படம்.

இப்போது லிவரின் கீழ்முனைக் குண்டைப் பாருங்கள். தையற்காரர் விரலில் மாட்டும் உறை போன்ற ஒரு நைலான் தொப்பி அதில் இருக்க வேண்டும். நல்ல தொப்பி உள்ளே வழவழப்பாக, சுவர் சீராக இருக்கும். குண்டில் மாட்டினால் ஆட்டமே தெரியாது. போனது பழுப்பேறி, ஒரு பக்கம் தாள்போல் மெலிந்து, சில சமயம் நீளவாக்கில் பிளந்திருக்கும். குண்டில் தொப்பியே இல்லை என்றால் அது கீழே குழியில் கிடக்கிறது என்று அர்த்தம். டார்ச் அடித்து, நீண்ட மூக்கு இடுக்கியால் துண்டு துண்டாக எடுத்து, எல்லாத் துண்டும் வந்ததா என்று வெளியே சேர்த்துவைத்துப் பாருங்கள்.

6. குழியில் கறுத்துக் கிடக்கும் பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். பல கார்களில் குழி வற்றிக் கிடக்கும். கியர் பாக்ஸில் எவ்வளவு ஆயில் இருந்தாலும் அது இந்தக் குழியை நிரப்பாது. இதற்குத் தனியாகத்தான் ஊற்ற வேண்டும். பாக்ஸ் ஆயிலை ஒழுங்காக மாற்றுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள், லிவர் வறண்டு இழுக்கிறது.

7. புது ஆயிலைச் சுமார் 80 முதல் 95 மி.லி. வரை ஊற்றுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் பூட் வழியே பொங்கி, சூடான குழாயில் சொட்டி, உள்ளே நாற்றமடிக்கும்.

8. புது நைலான் தொப்பியைக் குண்டில் அழுத்தி மாட்டி, உருளும் பரப்புகளில் கிரீஸ் தடவி, கழற்றிய வரிசைக்கு நேர்மாறாகக் கோர்த்து, லிவரை நேராக இறக்குங்கள். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

9. கன்சோலை மூடும் முன், கிளட்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகுதான் பெரிய பூட், ஒயர், திருகு.

இரண்டு பூட்டுகளையும் அலட்சியம் செய்யாதீர்கள். அவை கிழிந்திருந்தால் அடியிலிருந்து வெப்பமும் இரைச்சலும் நேராகக் கேபினுக்குள் ஏறும்.

முன்பிருந்தவர் காரில் குட்டை லிவரோ கடினமான என்ஜின் மவுண்ட்டோ போட்டிருந்தால், புஷ் புதிதாக இருந்தாலும் கை கொஞ்சம் அதிரத்தான் செய்யும். பந்தயத் தடத்துக்கு அது சரி. தினமும் அலுவலகம் போகும் காருக்கு நிறுவனத்தின் அசல் ரப்பர் மவுண்ட்டும் அசல் லிவருமே போதும் என்பது என் உறுதியான கருத்து.

மவுண்ட்டும் நீளச் சட்டமும்

என்ஜினை முன்னால் இரண்டு ரப்பர் மவுண்ட்டுகள் தாங்குகின்றன. கியர் பாக்ஸின் வால் பகுதிக்குத் தனியாக மவுண்ட் கிடையாது. அதையும் டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைத்துப் பிடித்திருக்கிறது. இந்தச் சட்டத்தின் போல்ட் தளர்ந்தால் லிவர் உதறுவதோடு, ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கும்போது அடியில் "டொக்" என்று கேட்கும். இந்த போல்ட்டுகளுக்கான இறுக்கம் சுமார் 104 முதல் 123 நியூட்டன்-மீட்டர்; டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொட வேண்டாம். தளர்ந்ததை இறுக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் கழற்றிவிடாதீர்கள். சட்டத்தை மறுபடி பொருத்தும்போது கியர் பாக்ஸின் உயரத்தை அளந்து நிலைப்படுத்த வேண்டியிருக்கும். இந்தச் சட்டத்தின் கீழ் ஜாக் வைத்துத் தூக்குவது பெரிய தவறு, வளைந்துவிடும்.

மவுண்ட்டைச் சோதிக்க, பானட்டைத் திறந்து வைத்து, ஓட்டுநர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒன்றாம் கியரில் கிளட்சைச் சற்றே விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காரின் முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது. என்ஜின் ஒரு பக்கம் எழும்பிச் சாய்ந்தால் மவுண்ட் கிழிந்துவிட்டது. அதிக சுற்றில் மட்டும் மூன்றாம் கியர் தவறுவதற்கும் இந்தச் சாய்வு ஒரு காரணம்: பாக்ஸ் அசையும்போது லிவரும் கைக்கு அடியில் இடம் மாறுகிறது.

கியர் பாக்ஸ் ஆயில்

காரைச் சிறிது ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிவிட்டு, நான்கு ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்துங்கள். முதலில் பக்கவாட்டில் உள்ள நிரப்பும் மூடியைத் தளர்த்துங்கள். அது வராவிட்டால் கீழ்மூடியைத் தொடவே வேண்டாம். ஆயிலை வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் கார் நகராமல் நிற்கும். 5 கியர் பாக்ஸுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கும். 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம் வாங்குங்கள். சின்க்ரோ வளையங்கள் பித்தளை, அதற்கு இந்தத் தரமே இதம். நிரப்பும் துளையில் ஆயில் வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள்.

வடித்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். மாவுபோன்ற சாம்பல் நிறத் தூள் தேய்மானத்தால் வருவது. பொன்னிறச் சில்லுகளோ விரலில் குத்தும் துண்டுகளோ வந்தால் உள்ளே சின்க்ரோவோ பல்லோ போயிருக்கிறது.

எப்போது பட்டறைக்கு விடவேண்டும்

இத்தனையும் செய்து, கிளட்ச் ஆயில் பாதை குறையில்லாமல் இருந்தும், ஓடும் என்ஜினில் ஒன்றாம் கியர் விழவில்லை என்றால், ஃப்ளைவீலின் நடுவில் உள்ள பைலட் பேரிங் இறுகியிருக்கலாம், கிளட்ச் தட்டு ஒட்டியிருக்கலாம். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் ஊளையிடும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். இவற்றுக்கு கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். லிஃப்ட் உள்ள பட்டறை தேவை. ஆனால் இப்போது நீங்கள் வெறுங்கையோடு போகவில்லை. எதை மாற்றினீர்கள், எந்தப் பரிசோதனையில் என்ன தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாக்ஸ் இறங்கும் நாளில் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், இரண்டு பேரிங், பின்புற ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பாகங்களின் விலையைவிட, பாக்ஸை இன்னொரு முறை இறக்கும் கூலிதான் அதிகமாகும்.

வீட்டிலேயே வேலை முடிந்தவர்கள் முதல் ஓட்டத்தை நெரிசல் இல்லாத தெருவில், மெதுவாகச் செய்யுங்கள். கியரை விரல்களால் நகர்த்துங்கள், உள்ளங்கையால் தள்ள வேண்டாம். திரும்பி வந்து ஸ்லேவ், கியர் பாக்ஸ் மூடிகள் ஆகியவற்றின் நேர் கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்துவிட்டு இரவு முழுக்க காரை நிறுத்துங்கள். காலையில் அட்டையில் ஒரு துளி இருந்தாலும் அதன் நேர் மேலே உள்ள இணைப்பைத் துடைத்து, மறுபடி இறுக்கி, இன்னோர் இரவு பாருங்கள். டப்பாவின் ஆயில் அளவை முதல் வாரம் தினமும் சரிபாருங்கள்.